வெள்ளையாகத் தெரிந்த கரை

நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரைக் கற்களில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது விமானம். கிழிந்த இறக்கை காற்றில் படபடக்கிறது. சுற்றிலும் பிளந்து உப்பிட்டு, வெள்ளைச் சதை மேலே தெரியப் பரப்பிய காட் மீன்கள். பாதி பெட்ரோலில் ஊறிவிட்டன. அட்லாண்டிக்கைத் தாண்டப் போகிறவன், எரிபொருள் நிரப்ப இங்கே இறங்க வந்தவன், மீன் சுமக்கும் பலகையில் கிடக்கிறான். கிழவர் ஆம்புரோஸ் அவன் தலையை மடியில் தாங்கியிருக்கிறார். பட்டணத்து அதிகாரி தொப்பியைப் பிசைந்தபடி கத்துகிறார். “வெள்ளைத் துணி கண்ட இடத்துல இறங்குன்னு அவருக்குச் சொல்லியிருக்கு. துணிய எங்கய்யா விரிச்சீங்க?” “நீங்க சொன்ன எடத்துலதான், நாலு துணியும். சர்ச்சுக்குப் பின்னாடி, மேட்டுப் புல்வெளியில” என்கிறார் கிழவர். “அப்ப இங்க எதுக்கு மீனு?” “ஆறு நாளா மூடுபனி. இன்னிக்குத்தான் வெயிலு. மீனக் காயப்போடாம உங்க தொப்பியவா காயப்போடுறது?” மேலே இருந்து பார்த்தால் மீனும் துணிதான் என்று காலையில் பரப்பும்போது ஆம்புரோசுக்குத் தோன்றவில்லை. படித்த அதிகாரிக்கும்தான் தோன்றவில்லை. விமானி கண்ணைத் திறக்கிறான். உதட்டோரம் ரத்தம் வழிகிறது. “வெள்ளையா நல்லாத் தெரிஞ்சுது, பெரியவரே. சரியாத்தானே எறங்கினேன்?” பொய் சொல்லியே பழகாத கிழவர் அவன் நெற்றியைத் துடைக்கிறார். “சரியாத்தான் எறங்கினே, தம்பி.” மடியில் தலை கனக்கிறது. கண் திறந்தபடியே நிற்கிறது.

மேகம் வந்து வெயிலை மூடுகிறது. மழைக்குப் பயந்து பெண்கள் ஓடிவந்து, மிஞ்சிய மீன்களைத் தோல் மேலே இருக்கும்படி புரட்டிப் போடுகிறார்கள். வரிசை வரிசையாகக் கரை கறுக்கிறது. ஆம்புரோஸ் நிமிர்ந்து பார்க்கிறார். இப்போது ஊரிலேயே வெள்ளையாகத் தெரிவது, மேட்டுப் புல்வெளியில் விரித்த அந்த நாலு துணிகள் மட்டும்தான்.