குமாசி சந்தையில் வாங்கிய பொம்மை

எல்லோருக்கும் ஏதோ ஒன்று வாங்கி வந்திருந்தான் அரிகிருஷ்ணன். பெண்டாட்டி சரிதாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

பீர்க்கன்கரணை வீட்டுக் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா பச்சையம்மாவுக்குக் கண்ணாடி மணிமாலை, மாமன் வீராசாமிக்குத் தோல் செருப்பு, வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட ஒரு மரச் சீப்பு. ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் இரண்டு வருஷம் வெல்டர் வேலை பார்த்துவிட்டு அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தான்.

கட்டினவளுக்கு ஒரு ஹேர்பின்கூட வாங்கத் தோன்றாத மனுஷன்! சமையலறை வாசலில் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள் சரிதா.

பயப்படாமல் என்ன செய்வாள்? கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. அதில் இரண்டு வருஷம் மகன் ஊரிலேயே இல்லை என்பது பச்சையம்மாவின் கணக்கில் வரவே வராது. சரிதாவும் சாப்பிடாத மாத்திரை இல்லை. செவ்வாய்க்குச் செவ்வாய் குன்றத்தூர் மலையேறி, முருகனுக்குத் தொட்டில்கூடக் கட்டிவிட்டாள்.

போன மாசம் பச்சையம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "அரி வரட்டும். உன்ன உங்க அண்ணன் வூட்ல வுட்டுட்டு அவனுக்கு வேற பொண்ணு பாக்கறேன்."

அண்ணன் வீட்டில் அண்ணி என்று ஒருத்தி இருக்கிறாள். ஒரு வேளை சோறு போடவே மூக்கால் அழுகிறவள். அங்கே எந்த முகத்தோடு போய் நிற்பது?

வீராசாமி புதுச் செருப்பைக் காலில் மாட்டியபடியே, சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டுடியோ போட்டோவை எடுத்தார். "இன்னா மாப்ள, குன்றத்தூர் பொண்ணு கதைய அம்மா போன்ல சொல்லிச்சா? நாளைக்கே போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

"சொல்லிச்சு மாமா."

அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. பாவி, சரிதாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பெட்டியின் அடியில் இன்னொரு பொட்டலம் இருந்தது. பச்சையம்மா அதை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு சாண் உயரக் கறுப்பு மரப்பொம்மை. தோசைக்கல் மாதிரி தட்டையான வட்டத் தலை, கழுத்தில் மடிப்பு மடிப்பாக வளையம்.

சுற்றியிருந்த துணியைச் சரிதாவுக்கு அடையாளம் தெரிந்தது. அவன் கானாவுக்குக் கிளம்பியபோது அவளே மடித்து வைத்த பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. நீளமாகக் கிழித்திருந்தது, இரண்டு நுனியும் முடிச்சுப் போட்டுப் போட்டுக் கசங்கிப் போயிருந்தன.

"இன்னாடா இது? சாமியா?"

"இல்லம்மா. குமாசின்னு ஒரு ஊரு. அங்க இருக்கற சந்தைக்குள்ள நம்ம தாம்பரம் மார்க்கெட்டு மாதிரி பத்து அடங்கும். மத்ததெல்லாம் பேரம் பேசித்தான் வாங்கினேன். இத மட்டும் கடைக்கார அக்கா சொன்ன வெலைக்கே வாங்கினேன். கொழந்த இல்லாதவங்க, யாருக்குக் கொறையோ அவங்க, இத முதுகுல கட்டிக்கினு இருக்கணுமாம். புள்ளய சொமக்கற மாதிரி."

மறக்கவில்லை! எனக்காகத்தான் வாங்கியிருக்கிறார்! சரிதா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பொம்மையை வாங்கக் கை நீட்டினாள்.

அரிகிருஷ்ணன் சட்டென்று அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "இது உனக்கில்ல சரிதா."

பச்சையம்மாவுக்கு முகமெல்லாம் பல். "கேட்டியாடி? வரப்போறவளுக்கு இப்பவே வாங்கியாந்துட்டான் எம்புள்ள!"

சரிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மானம், ரோஷம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அனுப்பிடாதீங்க. நான் எங்கங்க போவேன்? இங்கயே ஒரு மூலையில கெடக்கறேன். அவளுக்குப் பொறக்கற கொழந்தைய நானே பாத்துக்கறேன்."

"அவளே சரின்னுட்டா. இனிமே இன்னா?" என்றார் வீராசாமி.

அரிகிருஷ்ணன் குனிந்து அவள் கையைக் காலிலிருந்து எடுத்தான். "எழுந்திரு சரிதா. உனக்குன்னு ஒரு பொருள் எடுக்கக்கூட எனக்கு மூஞ்சி இல்ல."

பிறகு அம்மாவைப் பார்த்தான். "யாரும் வரப்போறதில்லம்மா. அந்தப் போட்டோவத் திருப்பிக் குடுத்துரச் சொல்லு."

"பின்ன இது யாருக்குடா?" பச்சையம்மா கத்தினாள். "வரப்போறவளுக்கும் இல்ல, இவளுக்கும் இல்ல. யாருக்குத்தான் வாங்கினே?"

அவன் பொம்மையை எடுத்துத் தன் முதுகில் வைத்து, லுங்கித் துணியை மார்புக்குக் குறுக்கே இழுத்து, குனிந்து பார்க்காமலே முடிச்சுப் போட்டான். அந்த முடிச்சு விரலுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"அங்க டாக்டர்கிட்ட காட்டிட்டேன். கொறை எங்கிட்டதாம்மா."