சாருமதி கிளம்புகிறாள்

“இனிமே இந்த வீட்ல ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன்!” என்று கத்தினாள் ரமா.

“சொதப்பல்,” என்று பேனாவை மூடினார் அவள் கணவர் வெங்கடராகவன். “இதைத்தான் எல்லா சீரியல்லேயும் எல்லாப் பொண்டாட்டியும் சொல்றா. வேற மாதிரி கோவிச்சுக்கோ.”

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடி அறை. தரையெங்கும் கசக்கி எறிந்த காகிதங்கள். வெங்கடராகவன் எழுதும் டி.வி. தொடரில் நாயகி சாருமதி இன்று தன் புருஷன் சுதாகரை விட்டுப் போயாக வேண்டும். கோவளம் பங்களாவில் நடிகர்கள் மேக்கப்போடு காத்திருந்தார்கள். பகல் பன்னிரண்டுக்கு புரொடக்‌ஷன் மேனேஜர் தாமோதரன் வேனோடு வந்து நிற்பார். ரேட்டிங் விழுந்து கிடந்தது. இந்தக் காட்சி எடுபடாவிட்டால் அடுத்த வாரம் முதல் வேறு எழுத்தாளர் என்று, காலையில் ரிசப்ஷன் போனில் கூப்பிட்டு, சேனலில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

“இந்தக் கற்பனையெல்லாம் எங்கேயிருந்து சார் வருது?” என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால் வெங்கடராகவன் கடலைக் காட்டுவார். கடலாவது, காற்றாவது! வந்ததெல்லாம் ரமாவின் வாயிலிருந்துதான். அவள் சாருமதியாகப் பேசுவாள். இவர் சுதாகராக எதிர்ப்பேச்சுப் பேசுவார். சூடு பிடித்ததும் குனிந்து எழுத ஆரம்பித்துவிடுவார். ரமாவுக்கு நடந்த ஆபரேஷன்கூடத் தொடரில் சாருமதிக்கு நடந்தது. டைட்டிலில் அவர் பெயர் ஒன்றுதான் வரும். அதைப் பற்றி அவள் கேட்டதும் இல்லை, அவர் யோசித்ததும் இல்லை.

“ஏன்னா, அலுப்பா இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் நீங்களே எழுதிடுங்கோளேன்,” என்றாள் ரமா.

“மணி பதினொண்ணு ஆகப் போறது! என் பொழைப்பே போயிடும் ரமா. நான் ஆரம்பிக்கறேன், நீ பிடிச்சுக்கோ. ‘சாரு, இப்ப என்ன நடந்துபோச்சுன்னு பெட்டியை எடுக்கறே?’”

ரமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்து, நாற்காலியில் கிடந்த புடவையை எடுத்து மடித்தாள்.

“பேஷ்! பெட்டியோட பண்றியா? பண்ணு, பண்ணு.”

“ஒண்ணும் நடக்கலை,” என்றாள். குரல் தணிந்திருந்தது. “அதனாலதான் கிளம்பறேன். கை நீட்டியிருந்தா ஊரைக் கூட்டியிருப்பேன். இன்னொருத்தியோட சுத்தியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீங்க எதுவுமே பண்ணலை.”

வெங்கடராகவன் பாய்ந்து பேனாவைத் திறந்தார்.

“ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சேன். பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க. ‘வலி எப்படி இருக்கு, விவரமா சொல்லு’ன்னு கேட்டீங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்புறம்தான் புரிஞ்சுது, நீங்க எனக்காகக் கேட்கலைன்னு.”

“யாருக்காகக் கேட்டான்கறதை அடுத்த வாரம் வெச்சுக்கலாம், சஸ்பென்ஸ்! மேலே போ, மேலே போ.” பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல ஓடியது.

“ஏன்னா, நான் பேசறது உங்க காதுல விழறதா?”

“‘ஏன்னா’ வேண்டாம், ‘சுதாகர்’னு சொல்லு. சேனல்ல ஒத்துக்க மாட்டா.”

ரமா பெட்டியை மூடினாள்.

“ஒரே ஒரு நாள் என் கண்ணைத் துடைச்சிருந்தா, இந்தப் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன். பரவாயில்லை. இனிமே எனக்காக நானே அழுதுக்கறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.

“அபாரம் ரமா! இதுக்கு மேல எவன் எழுதுவான்!” என்று தலையைத் தூக்காமலே கத்தினார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்.

கடைசியில் சுதாகர் வாசல்வரை ஓடிவந்து ஏதோ சொல்ல வேண்டும். அங்கே பேனா நின்றுவிட்டது.

“ரமா! மேலே வா, புருஷன் என்ன சொல்றான்னு பேசிப் பார்க்கணும்!”

காபி சாப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். ‘போகாதே சாரு’ என்று எழுதி அடித்தார். ‘என்னை மன்னிச்சுடு’ என்று எழுதி அதையும் அடித்தார். கீழே வேன் ஹாரன் அலறியது.

மூச்சிரைக்க மாடியேறி வந்த தாமோதரன், காகிதங்களை வாங்கி நின்றபடியே படித்தார். முடித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னா சார் இது! நாடே அழுவும் சார். சேனல்காரன் இனிமே வாயத் தொறக்க மாட்டான். ஆனா கடைசில புருஷங்காரன் பேசறது இல்லியே?”

வெங்கடராகவனுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. “ரெண்டே நிமிஷம். ரமா வந்துடட்டும், பேசிப் பார்த்து எழுதிடறேன்.”

தாமோதரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அம்மாவா? பொட்டியோட பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு இருந்தாங்க சார். செங்கல்பட்டு போயி ரயில் புடிச்சு அவங்க அம்மா வூட்டுக்குப் போறாங்களாம், நான்தான் பஸ் ஏத்திவுட்டுட்டு வர்றேன். நீங்க அனுப்பினீங்கன்னுல்ல நெனச்சேன்? பஸ் கெளம்பறப்போ, ‘புருஷன் பேச வேண்டியதை மட்டும் அவரையே சொந்தமா எழுதச் சொல்லுங்கோ’ன்னாங்க சார்.”