ஷேரு தொடாத தட்டு

கிருஷ்ணப்ரியாவின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை ரத்தமாக இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்தவனோ கொஞ்சமும் அசையாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னை இப்படிச் சோதிக்காதே ஷேரு" என்று கெஞ்சினாள்.

ரத்தம் கோழியுடையது. கோயம்புத்தூரில் முட்டைக் கடை இருக்கும் பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்காத சைவக் குடும்பத்துப் பெண், புனேயில் லோஹேகாவ் ஃப்ளாட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோழி ஈரலும் கழுத்தும் நறுக்குகிறாள் என்றால், அது ஒரு நாய்க்காகத்தான்.

ஷேரு, விமானப்படையில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அல்சேஷன். அவனைப் பழக்கிய அப்துல் காதர் ராமநாதபுரத்துக்காரர். அவரும் பணி முடிந்து ஊருக்குக் கிளம்பும் வழியில், முந்தாநாள் சாயங்காலம் இவர்கள் வளர்ப்பதற்காக இங்கே கொண்டுவந்து விட்டுப் போனார். தமிழ் பேசும் வீடு கிடைத்த சந்தோஷத்தில் மனிதர் நாயை மறந்து ஊர்க்கதையே பேசினார். கடைசியில் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடும்போது, தெருவில் யார் எதைப் போட்டாலும் இவன் மோந்துகூடப் பார்க்கமாட்டான் என்று மட்டும் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஷேருவுக்குத் தோலில் அரிப்பு, பின்னங்காலில் வலி. வேகவைக்காத இறைச்சியும் ஈரலும் கொடுத்துப் பார் என்று ஆபீஸில் ராஜஸ்ரீ சொல்லியிருந்தாள். அவள் வீட்டு நாய் அப்படித்தான் பளபளவென்று திரிகிறது. ப்ரியாவும் கடைக்காரனிடம் வெட்கத்தை விட்டு விசாரித்து, பார்த்துப் பார்த்து வாங்கி வந்தாள்.

ஷேரு தண்ணீரை மட்டும் குடித்தான். தட்டை வைத்தால் விறைப்பாக எதிரே உட்காருவான். வாயிலிருந்து எச்சில் ஒழுகித் தரையில் குளம் கட்டும். ஆனால் கண், தட்டின் பக்கம் போகாது.

கதவைத் திறந்துகொண்டு தினேஷ் வந்தான். அவள் கணவன்; புனேயிலேயே கசார்வாடியில் பிறந்து வளர்ந்தவன். அவன் பேசும் தமிழில் பாதி ஹிந்தி. போன தீபாவளிக்குக் கோயம்புத்தூரில் மச்சான்மார் கூடி அதைக் கேட்டுச் சிரித்ததிலிருந்து, வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ்தான் என்று ப்ரியா சட்டம் போட்டிருந்தாள்.

"அரே ஷேரு, க்யா ஹுவா…" என்று ஹிந்தியில் விசாரித்தபடி அவன் குனிய, நாயின் காது விறைத்தது.

"வீட்டுக்குள்ள தமிழ்லயே பேசுங்க" என்று ப்ரியா பழக்கதோஷத்தில் அதட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான். தட்டைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் ஏறியது.

"பச்சைக் கறியைப் போட்டு ஒரு உசிரைக் கொல்லப் போற ப்ரியா."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பயம் நேற்றிலிருந்தே அவளுக்கும் இருந்ததுதான். கெட்டுப்போன கறியோ, தன் கைப்பக்குவம் போதவில்லையோ என்று ஈரலை மூக்குவரை கொண்டுபோய் மோந்து பார்த்தவள் அவள்.

தினேஷே குக்கரை வைத்தான். கறியை வேகவைத்து, சோற்றில் பிசைந்து, ஆற வைத்துக் கொண்டுவந்தான். ஷேரு விறைப்பாக உட்கார்ந்தான். எச்சில் ஒழுகியது. அவன் அதையும் தொடவில்லை.

பச்சையும் வேண்டாம், வெந்ததும் வேண்டாம் என்றால் உடம்புக்குள் என்னவோ பெரிதாக இருக்கிறது. டாக்டர் மதியமே பரிசோதித்துவிட்டார். வெளியே தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை, ஆனால் வயசான நாய், இன்றைக்குள் சாப்பிடவில்லையென்றால் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், அப்புறம் என் கையில் இல்லை என்று சொல்லியிருந்தார்.

பழகிய மனிதரை நினைத்து ஏங்குகிறான், காதரிடமே கொண்டுபோய் விட்டுவிடலாம், அங்கேயாவது பிழைக்கட்டும் என்றான் தினேஷ். ப்ரியா தரையில் மண்டியிட்டு, ஒரு துண்டு ஈரலை எடுத்து ஷேருவின் வாயருகே நீட்டினாள்.

"சாப்புடுடா தங்கம். எனக்காகச் சாப்புடுடா."

ஷேரு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்னங்கால் நடுங்கியது. விழாமல் இருக்க அவன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் அவள் அழுதுவிட்டாள்.

டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்று தினேஷ் காரை எடுக்கக் கீழே இறங்கினான். அப்போதுதான் அவள் போன் அடித்தது. நேற்றிலிருந்து அவள் எத்தனையோ தரம் கூப்பிட்டும் கிடைக்காத காதர். ரயிலில் போன் செத்துவிட்டது, இப்போதுதான் வீட்டுக்கு வந்து உயிர் கொடுத்தேன் என்றார். ப்ரியா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். தப்பு என்னுதுதான், பச்சைக் கறி கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று தேம்பினாள்.

"கறி கெடக்கட்டும்" என்றார் காதர். "உத்தரவு குடுத்தீங்களா? நாம சொல்லாம எதையும் வாயில வைக்கமாட்டான். பட்டினியே கெடப்பான், தொடமாட்டான்."

"சொல்லாம என்னங்ண்ணா? வந்ததுலேர்ந்து சாப்புடு சாப்புடுன்னு கெஞ்சிட்டுத்தான் இருக்கேன். நானும் சொல்லியாச்சு, அவரும் சொல்லியாச்சு."

"அவனுக்குத் தமிழ் தெரியாதே, தங்கச்சி."