ஐந்து நிமிடச் சூடு

"சிவானி போய் மூணு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள யாருக்குத் தம்பி இந்த அலங்காரம்?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே லீலா கேட்டுவிட்டாள்.

யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். சிங்கப்பூர் தோ பாயோ வீட்டுக் கூடத்தில் அவள் தங்கை கணவன் செல்வராஜ், பாதி வழுக்கை விழுந்த தலையில் பிளாஸ்டிக் ஷவர் கேப்பை மாட்டிக்கொண்டு, அதன்மேல் ஹேர் டிரையரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரில் அவனுடைய பன்னிரண்டு வயது மகள் வினுஷா, ஃபோனைப் பார்த்து நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

செல்வராஜ் அவசரமாகக் கேப்பை உருவினான்.

"எனக்கு இல்லக்கா. பாப்பா முடி வைக்கோலாட்டம் ஆயிடுச்சு. கண்டிஷனர் தடவி சூடு காட்டினாத்தான் உள்ள இறங்குமாம். அடுத்த வாரம் அவ தலையில வைக்குமுன்ன எவ்வளவு சுடுதுன்னு பாத்துக்கிறேன்."

"அதுக்கு இந்தத் தலைதானா கெடைச்சுது?"

"போன வாரம் இங்க கொஞ்சம் சிவந்துபோச்சு" என்று பிடரியைத் தடவிக் காட்டினான்.

லீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சமையல் மேடையில் இரண்டு நாள் தட்டுகள் குவிந்து கிடந்தன. தங்கை சிவானி படத்தில் பூச்சரம் சருகாகத் தொங்கியது. லீலாவே தேக்காவில் பார்லர் நடத்துபவள்தான். நாளெல்லாம் அடுத்தவர் தலைக்கு ஆவி பிடித்துவிடுபவள்தான். ஆனாலும் ஒரு முழம் பூ வாங்க நேரமில்லாத வீட்டில் இதற்கு நேரம் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரயில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் இல்லையா, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தான். சுடுதண்ணீர்த் துண்டு, ஹேர் டிரையர், ஹீட் கேப். சனிக்கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஆறு வாரம். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், கடைசிக் கட்டத்தில் வினுஷா போட்ட மார்க்.

"ஹீட் கேப்னா? அந்தக் கரண்ட் தொப்பியா?"

"ஆமாக்கா. ஆன்லைன்ல வாங்கினேன்."

அதற்கு மூன்று மார்க். ஹேர் டிரையருக்கு நாலு. துண்டு வந்த இரண்டு சனிக்கிழமையும் பத்துக்குப் பத்து.

லீலா தாளை விட்டுத் திரும்பினாள்.

"தம்பி, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. வினுஷாவ பாசிர் ரிஸ்ஸுக்கு, எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். எத்தனை தடவ கால் பண்ணிட்டேன், எடுக்கவே மாட்டேங்கறீங்க. வேலை முடிஞ்சு வந்தா ரூம் கதவைச் சாத்திக்கிறீங்களாம். புள்ள தனியா மேகி கிண்டித் தின்னுட்டுப் படுக்குதாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அவன் மறுப்பான், சண்டைக்கு வருவான் என்று பதில்களோடுதான் வந்திருந்தாள். அவனோ ஹேர் டிரையர் வயரை மெதுவாகச் சுற்றினான். சுற்றியதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான்.

"சரிதான்க்கா. என்கிட்ட இருந்து அவளுக்கு என்ன கெடைக்கப் போவுது? கூட்டிட்டுப் போங்க."

வினுஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா இந்த மூணுல எது நல்லதுன்னு நீங்க சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் தொழிலே இது. இனிமே அங்கதானே செய்யணும்? மத்த ரெண்டையும் அடிச்சுட்டு இந்தப் பேப்பரை உங்க கையிலயே குடுத்துடறேன்."

சமையலறையில் கெட்டில் 'டக்' என்று அணைந்தது. இன்றைக்குத் துண்டு முறை. அவன் எழுந்து உள்ளே போனான்.

லீலா சோபாவில் உட்கார்ந்து வினுஷாவின் முடி நுனியைத் திருகிப் பார்த்தாள். நல்ல வறட்சி.

"போய் டிரெஸ்ஸ எடுத்து வை. ஆமா, துண்டுக்கு எதுக்குடி பத்து மார்க்? அஞ்சு நிமிஷத்துல ஆறிப்போயிடும். திரும்பத் திரும்ப முக்கிப் பிழியணும். எங்க பார்லர்ல அதைத் தொடவே மாட்டோம்லா. கரண்ட் தொப்பிதான் பெஸ்ட். மாட்டிவிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கலாம்."

"தெரியும் பெரியம்மா."

"தெரிஞ்சுமா மூணு மார்க் போட்டே?"

வினுஷா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அதை மாட்டிவிட்டா அப்பா ரூமுக்குப் போயிடுவாங்க. அலாரம் அடிச்சாத்தான் வெளிய வருவாங்க. டிரையர்னா ஒரே சத்தம், பேச முடியாது. துண்டுன்னா அஞ்சு அஞ்சு நிமிஷத்துக்கு மாத்தணும்ல? என் பின்னாடியே உக்காந்திருப்பாங்க. ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. போன தடவ அம்மா பத்திக்கூடப் பேசினாங்க."

லீலா முடியை விட்டுவிட்டாள்.

"நான் உங்ககூட வந்துட்டா, அப்பாவ யாரு பெரியம்மா ரூம்லேர்ந்து வெளிய கொண்டுவருவா?"

ஆவி பறக்கும் துண்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே செல்வராஜ் வந்தான். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"சொல்லுங்கக்கா. மூணுல எது?"

இருபது வருஷமாக ஊரார் தலையைப் பார்த்தே பிழைக்கிற லீலா எழுந்து போய், தாளில் ஹீட் கேப் என்றிருந்த வரியைப் பேனாவால் அழுத்தி அடித்தாள்.

"துண்டுதான் தம்பி. ஆனா வாரத்துல ஒரு நாள் பத்தாது. தினம் நீங்களே இங்க செய்யணும்."