டச்சுக்கும் துருக்கிக்கும் ஒரு சம்பந்தம்

“எங்க டச்சு மாதிரி ஒரு கஷ்டமான மொழி உலகத்துலயே கிடையாதுங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘எங்க’ என்று அவர் சொல்லிவிட்டால் வங்கியானாலும் மொழியானாலும் அது அவருடையதுதான்.

“நீங்க எங்க துருக்கியைக் கேட்டதில்லபோல” என்றார் பெண்ணின் அப்பா. அச்சகம் நடத்துபவர். எதையும் கொட்டை எழுத்தில் சொல்லியே பழக்கம்.

பையனுக்கு நெதர்லாந்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. பெண்ணுக்குத் துருக்கியில் ஒரு சாயத் தொழிற்சாலையில். இருவரும் ஆறு மாதமாக அந்தந்த நாட்டு மொழியை ஆன்லைனில் படித்துவந்தார்கள்.

மற்றதெல்லாம் பேசி முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு யார் வேலையை விட்டுவிட்டு யாருடன் கிளம்புவது என்பதில்தான் இழுபறி. கஷ்டமான மொழியைப் படித்தவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இரண்டு தரப்பின் வாதமும். பையன் பெண் பார்க்க வந்ததிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; பிடித்துப்போயிருந்தது. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

“துருக்கியில ஒரு சொல்லோட வாலைப் பிடிச்சு இன்னொண்ணை மாட்டி, அதோட வாலைப் பிடிச்சு வேற ஒண்ணை மாட்டி, ஒரே சொல்லுல ஒரு கதையே சொல்லிடலாம்.”

“அது மொழியா, கூட்ஸ் வண்டியா? டச்சைப் பாருங்க சார். ஒவ்வொரு எழுத்தும் அடித்தொண்டையிலேர்ந்து வரும்.”

“எனக்கும் வரும். காலையில பல் தேய்க்கும்போது.”

பெண்ணின் தாய்மாமனுக்கு டீ புரையேறியது. மேலாளரின் முகம் கறுத்தது. நிலைமை கைமீறுவதைப் பார்த்துப் பெண்ணின் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள்.

“எது கஷ்டம்னு எதுக்கு அடிச்சுக்கறீங்க? எது சுலபமோ அந்த ஊருக்கே ரெண்டு பேரும் போகட்டும். போற இடத்துல இன்னொருத்தரும் சீக்கிரம் கத்துக்கலாம்ல?”

மேலாளர் முந்திக்கொண்டார்.

“அப்ப டச்சுதாங்க. பால்குடி மறக்காத குழந்தைகூடப் பேசும்.”

“துருக்கியில வினைச்சொல் கடைசியிலதான் வரும். அப்படியே நம்ம தமிழ் மாதிரி. படிக்கவே வேணாம், பக்கத்துல உக்காந்தாலே ஒட்டிக்கும்.”

“இப்பதான் ஒரே சொல்லுல ஒரு கதையே சொல்லணும்னீங்க?”

“உங்க அடித்தொண்டை என்ன ஆச்சு?”

“பழகினா தொண்டைக்கு ரொம்ப நல்லது சார்.”

தாய்மாமனுக்கு இரண்டு மொழியும் தெரியாது. எனவே அவரையே நடுவராக வைத்தார்கள். அவரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதிபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசுங்க. காதால கேட்டாலே தெரிஞ்சிடும்.”

பையன் செருமிக்கொண்டு, பெண்ணைப் பார்த்து டச்சில் ஏதோ கேட்டான்.

“கேட்டீங்களா கம்பீரத்தை? துறைமுகத்துலேர்ந்து கப்பல் புறப்படுற மாதிரி இல்ல?” என்றார் மேலாளர்.

பெண் தலையைக் குனிந்தபடியே துருக்கியில் மெதுவாக நாலு வார்த்தை சொன்னாள். பையன் குபீரென்று சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

“பாருங்க, பாருங்க! என்ன ஒரு இனிமை! காதுல விழுந்ததுமே மாப்பிள்ளை முகம் எப்படி மலர்ந்துடுச்சு!” என்றார் அச்சகக்காரர்.

தாய்மாமன் கண்ணை மூடி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். “ரெண்டும் ரெண்டு துருவம். இது தொண்டையில பொறக்குது, அது உதட்டுல பொறக்குது. ஒண்ணுக்கு இன்னொண்ணோட காத்துகூடப் படல. எது சுலபம்னு என்னால சொல்ல முடியாதுப்பா.”

“அப்ப நாங்க புறப்படறோம்” என்று மேலாளர் செருப்பைத் தேடினார்.

“கொஞ்சம் இருங்கண்ணே. வாழப்போறது அதுங்க. அதுங்களே பேசி முடிவு பண்ணட்டும்” என்று பெண்ணின் அம்மா இருவரையும் பால்கனிக்குத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

காய்ந்துகொண்டிருந்த போர்வைக்கு அந்தப் பக்கம் இருவரும் போய் நின்றார்கள்.

“உள்ள எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?” என்றாள் அவள்.

“டீ தீர்ந்தா நிறுத்திடுவாங்கன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான்.”

“நான் சொன்னது துருக்கி. உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?”

அவன் யோசித்தான். “இவங்க எப்ப நிறுத்துவாங்கன்னு நான் கேட்டது டச்சு. அது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?”

அவளும் யோசித்தாள். உள்ளே கொட்டை எழுத்தில் ஒரு குரல் எழுந்தது: “அதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் சார்!”

“உங்க வாத்தியார் கேமரா போடுவாரா?” என்று மெல்லக் கேட்டாள்.

“கெட்டுப்போச்சும்பார். பாடம் நடத்தும்போது பின்னாடி குக்கர் விசில் மட்டும் கேட்கும்.”

“மூணாவது விசிலுக்கு எழுந்துபோய் அடுப்பை அணைச்சிட்டு வருவாரே?”

அவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அப்ப நாம பேசினது எந்த மொழிங்க?”