வலப்பக்க இதயம்

வெள்ளவத்தை அலுவலகத்தில், மருத்துவ மாணவர்களுக்காகச் செய்த முப்பரிமாண மனித உடல் கணினித் திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. முதலாளி யோகேந்திரன் அதைச் செய்த சுபோதினியைக் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை இது? இதயம் வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம். கண்ணாடியில பாத்த மாதிரி எல்லாத்தையும் திருப்பி வச்சிருக்கிறீர்."

"நான் திருப்பேல்ல சேர். ஸ்கானில இருந்தபடிதான் செய்தனான்."

"இதில படிக்கிற பிள்ளையள் நாளைக்கு ஆரையும் பிழையா வெட்டினா ஆர் பொறுப்பு? உம்மை நம்பி இனி வேலை தரேலாது."

சுபோதினி விடவில்லை.

"எனக்கும் சந்தேகம் வந்து ஸ்கான் சென்டருக்குக் கோல் எடுத்தனான். படம் சரியாம். பத்தாயிரத்தில ஒராளுக்குப் பிறப்பிலேயே இப்பிடி இருக்குமாம்."

"இதுக்கெண்டு எங்கட ஒபிஸில எல்லாரும்தானே ஸ்கானுக்குப் போனனாங்கள். இது ஆரின்ர உடம்பு?"

"உங்கட, சேர்."

யோகேந்திரன் திரையில் துடித்துக்கொண்டிருந்த இதயத்தையே பார்த்தார். பிறகு நெஞ்சின் வலப்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"கீழ போய் ஒரு ஓட்டோ பிடியும் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"பயப்பிடாதேங்கோ சேர். இதால ஒண்டும் செய்யாதாம்."

"அதில்லை. ரெண்டு கிழமையா இந்தப் பக்கம் நோகுது. வலப்பக்கம்தானே, வாய்வு எண்டு விட்டிட்டன்."