பட்டுக்குடை வரட்டும்

கோவில் முற்றத்தில் மழை கொட்டியது. ஞானஸ்நானத்துக்குக் கைக்குழந்தையோடு வந்த தாய் வெளிவாசலில் நின்று தவித்தாள். கோவில் பணியாளரான கோயில்பிள்ளை ஓடிவந்து, சுவரில் தொங்கிய கறுப்புக்குடைகளை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"ஞானஸ்நானம் வாங்கின எல்லாருமே குருக்கள்தான்னு சாமியார் பிரசங்கத்துல சொன்னாரே! அப்போ சாதாரணக்குடை நாமளும் விரியலாமே?" என்றது சின்னக்குடை.

"அது கேட்க நல்லா இருக்கும். ஆயரே வந்து ஜெபிச்சு மந்திரிச்ச பட்டுக்குடை இருக்கும்போது நாம முந்தலாமா?" என்று அதட்டியது பெரியகுடை.

பீரோவுக்குள்ளிருந்து பட்டுக்குடை சொன்னது: "நான் பவனிக்கு மட்டும்தான். நனைஞ்சா சரிகை கறுத்துடும்."

"பாவம், அதுக்குத்தான் எத்தனை பொறுப்பு!" என்று மற்ற குடைகள் உருகின.

கோயில்பிள்ளை தன் தோள்துண்டைக் குழந்தைமேல் பிடித்தபடி தாயை உள்ளே அழைத்துவந்தார். மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

அன்று அந்தக் கோவிலில் நனையாமல் இருந்தவை குடைகள் மட்டும்தான்.